நடைக்கு ஆரோக்கியப் பக்கம் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஆரோக்கியப் பக்கத்தில் சில வாரங்களாக நடைப்பயிற்சி பற்றித் தொடர்ந்து கட்டுரை வருகிறது. சர்க்கரைக்கு எவ்வளவு நேரம் நடக்க வேண்டும், மூட்டு வலி இருந்தால் எப்படி நடக்க வேண்டும், எந்தக் காலணி, சாப்பிட்டு எத்தனை நிமிடம் கழித்து, எல்லாம் விவரமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் அதில் ஒன்றை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிக்கூட வைத்திருக்கிறோம். அதைக் குறை சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அதே இதழில் நாலு பக்கம் தள்ளிக் கலைப் பக்கம் என்று ஒன்று வருகிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஓவியம், நாட்டியம், நாடகம், சினிமா எல்லாவற்றுக்கும் அங்கே இடம் உண்டு, நடைக்கு மட்டும் இல்லை. நடப்பதையே தங்கள் கலையாக வைத்துக்கொண்டு 60 வருடத்துக்கு மேலாகப் பல நாடுகளில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். இத்தனை வருட வாசிப்பில் அவர்களில் ஒருவர் பெயரைக்கூட உங்கள் கலைப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

ஆரோக்கியப் பக்கத்தின் மேலும் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு 10,000 அடி என்று எழுதுகிறீர்கள் இல்லையா, அந்த எண் மருத்துவ ஆராய்ச்சியிலிருந்து வந்ததில்லை. 1965இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடிகளை எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் ‘மன்போ-கெய்’, பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். விற்பதற்காக வைத்த பெயர் இன்று எல்லோர் மணிக்கட்டிலும் வந்து உட்கார்ந்துகொண்டு, இன்னும் 2,300 அடி பாக்கி என்று ராத்திரி பத்து மணிக்கு நம்மை வீட்டுக் கூடத்திலேயே குறுக்கும் நெடுக்கும் நடக்க வைக்கிறது. நானும் நடந்திருக்கிறேன். அப்படி நடந்த நாட்களில் எதைப் பார்த்தேன், எதைக் கேட்டேன் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை.

சரி, நடை எப்படிக் கலையாகும்? எனக்கு அதைப் புரியவைத்தது ஒரு புகைப்படம். 1967ஆம் வருடம், ரிச்சர்ட் லாங் என்று ஒரு இளைஞர், வயது 22, லண்டனில் கலைக் கல்லூரி மாணவர். ஊருக்குப் போகிற வழியில் ஒரு புல்வெளியில் இறங்கி, ஒரே நேர்கோட்டில் போய், திரும்பி வந்து, மறுபடி போய், மறுபடி திரும்பி, புல் படிந்து வெயிலில் ஒரு கோடாகத் தெரிகிற வரைக்கும் நடந்தார். அந்தக் கோட்டைக் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்தார், ஆள் படத்தில் இல்லை. ‘நடந்து உண்டான கோடு’ என்று பெயர் வைத்தார். வேலை முடிந்தது. இதில் என்ன இருக்கிறது, மாடு போனாலும்தான் தடம் விழும் என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் மாடு அப்படி நேராகப் போகாது. அதோடு தடம் என்பது எங்கேயோ போகிறவர்கள் போய்ப் போய் விழுவது. இவர் எங்கேயும் போகவில்லை. உளி இல்லை, கல் இல்லை, தன் உடம்பின் எடையைக் காலில் இறக்கி இறக்கி ஒரு சிற்பம் செய்துவிட்டுக் கிளம்பிவிட்டார். புல் நிமிர்ந்ததும் அதுவும் போயிருக்கும்.

அந்த 1967ஐச் சுற்றி வேறு ஆட்களும் இதையே தொட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அதே வருடம் அமெரிக்காவில் ஸ்டீவ் பாக்ஸ்டன் என்ற நடனக் கலைஞர், நடனமே தெரியாத ஒரு கூட்டத்தை மேடையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சும்மா நடக்கவிட்டார். சிலர் நடுவில் நிற்பார்கள், சிலர் நாற்காலியில் உட்கார்ந்து எழுவார்கள். அதுதான் முழு நடனமும். கொஞ்சம் குண்டானவர், தோள் சாய்ந்தவர், காலை விரித்து வைக்கிறவர் என்று ஆளுக்கொரு நடை இருப்பதைச் சும்மா உட்கார்ந்து பார்க்க வைத்தார். புரூஸ் நாவ்மன் என்பவர் தன் அறைத் தரையில் டேப்பை ஒட்டி ஒரு சதுரம் போட்டு, இடுப்பை வளைத்து வளைத்து அதன் மேலேயே சுற்றி வருவதைப் படமாக எடுத்தார். பார்த்தால் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வரும், இன்னும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். அப்புறம் நம் இடுப்பு எப்படிப் போகிறது என்று நாமே கவனிக்க ஆரம்பித்துவிடுவோம். அன்று மாலை கடைத்தெருவில் என்னால் இயல்பாக நடக்கவே முடியவில்லை.

இவர்கள் எல்லோரையும்விட எனக்குப் பிடித்தவர் ஹாமிஷ் ஃபுல்டன். 1973இல் பிரிட்டனின் வடகிழக்கு முனையிலிருந்து தென்மேற்கு முனை வரை 1,022 மைலை 47 நாளில் நடந்து முடித்தார். அதற்கப்புறம், தான் நேரில் நடந்த நடையிலிருந்து வராத எதையும் படைப்பாகச் செய்வதில்லை என்று முடிவு கட்டி, அதை இன்று வரைக்கும் விடாமல் இருக்கிறார். போகிற இடத்திலிருந்து கல்லோ இலையோ எடுத்து வருவதில்லை. காட்சிக்கூடத்தில் அவர் வைப்பது பெரும்பாலும் சுவரில் பெரிய எழுத்தில் சில சொற்கள்: எங்கிருந்து எங்கே, எத்தனை நாள், வழியில் ஒரு நிலா. நடைதான் படைப்பு, சுவரில் இருப்பது அதன் ரசீது என்கிற மாதிரி.

இதைப் படித்ததும் உங்கள் கலைப் பக்கத்துக்காரர்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். அப்போ தினமும் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிற நானும் கலைஞனா? இல்லைங்க. பேசுகிற எல்லோரும் கவிஞர் ஆகிவிடவில்லை, ஆனால் கவிதை நாம் பேசுகிற அதே சொல்லில்தான் எழுதப்படுகிறது. நடையிலும் அப்படித்தான், நடுவில் ஒரு கட்டு வேண்டும். இந்த நேர்கோட்டை விட்டு விலகமாட்டேன், இன்று இடது பக்கம் மட்டுமே திரும்புவேன், இந்தத் தெருவை ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகக் கடக்கமாட்டேன் என்று ஏதாவது ஒன்று. யாப்பு மாதிரி. நம் மொழியில் செய்யுள் வரிக்கும் அடி என்றுதான் பெயர், எழுத்தின் போக்குக்கும் நடை என்றுதான் பெயர். ஓர் எழுத்தாளரைப் பாராட்டும்போது அவர் நடை நன்றாக இருக்கிறது என்று உங்கள் நூல் மதிப்புரையிலேயே எழுதுகிறீர்கள். நடந்து காட்டுகிறவரைப் பார்த்து அதே வாக்கியத்தைச் சொல்ல மட்டும் ஏன் கூச்சம்?

நான் இதில் எப்படி மாட்டினேன் என்று சொல்கிறேன். நாங்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு முறை நடக்கிறோம். குழுவுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. முதல் நடைக்கு பதினொரு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள், மழை பிடித்துக்கொண்டது, வந்தது மூன்று பேர், அதில் ஒருவர் குடையைத் திருப்பித் தர வந்தவர். மனசு விட்டுப்போயிற்று. பிறகுதான் படித்தேன், 1921 ஏப்ரல் 14 அன்று பாரிஸில் ‘தாதா’ என்ற கலை இயக்கத்தைச் சேர்ந்தவர்கள், பார்க்க ஒன்றுமே இல்லாத ஒரு சின்ன தேவாலயத்து முற்றத்தைப் பார்க்க வாருங்கள் என்று ஊரைக் கூப்பிட்டார்களாம். அன்றைக்கும் மழை, கூட்டம் சீக்கிரமே கலைந்துவிட்டது. இப்படி வரிசையாகப் பல உலாக்கள் போவதாக இருந்த திட்டம் அந்த ஒன்றோடு நின்றுபோனது. நடைக் கலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்று அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் எங்கள் ஆரம்பம் மோசமில்லை.

மூன்றாவது நடையில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஃபுல்டன் கூட்டமாக மெதுநடை நடத்துவார். ஆட்கள் ஒரு சின்ன தூரத்தை, இத்தனை நேரத்துக்குள் முடிக்கக்கூடாது என்று பேசி வைத்துக்கொண்டு, பேச்சில்லாமல் நடப்பார்கள். அதைப் பார்த்து நாங்களும் ஒரு தெருவின் ஒரு மூலையிலிருந்து அடுத்த மின்கம்பம் வரை, சுமார் நாற்பது அடி தூரம், முக்கால் மணி நேரத்தில் கடப்பது என்று வைத்துக்கொண்டோம். முதல் பத்து நிமிடம் சித்திரவதை. காலைத் தூக்கினால் உடம்பு ஆடுகிறது. நடை என்பது விழப்போய் விழப்போய்ப் பிடித்துக்கொள்வதுதான் என்று அப்போதுதான் தெரிகிறது, வேகத்தில் அது மறைந்துபோகிறது, அவ்வளவுதான். குதிகால் தரையைத் தொட்டு, பாதத்தின் வெளி ஓரம் படிந்து, பெருவிரல் கடைசியாக விடுபடுகிற வரைக்கும் ஒவ்வொன்றும் தனித்தனி வேலையாக நடக்கிறது. இருபதாவது நிமிடம் வாக்கில் ஒரு மதில் சுவருக்கு நேரே வந்தேன். தினமும் தாண்டிப் போகிற சுவர்தான். அதில் பழைய பெயிண்டுக்கு அடியில் யாரோ சின்னப் பிள்ளைக்கு உயரம் அளந்து போட்ட கோடுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏழெட்டு, இடுப்பு உயரத்தில் ஆரம்பித்து என் தோள் வரை வந்து நின்றிருந்தன. வீட்டுக்குள்ளே போடுகிற கோட்டை வெளிச்சுவரில் ஏன் போட்டார்கள், தோளோடு ஏன் நின்றது, பிள்ளை வளர்ந்து கேலி செய்ததா, வீடு மாறிவிட்டார்களா? அந்தச் சுவரைத் தாண்ட எனக்கு ஆறு நிமிடம் ஆனது.

அதற்குள் ஒரு பெரியவர் வாசலுக்கு வந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “என்னம்மா தொலைச்சிட்டீங்க?” என்று கேட்டார். பேசக்கூடாது என்று விதி, அதனால் யாரும் பதில் சொல்லவில்லை. அவரும் குனிந்து எங்களோடு தேட ஆரம்பித்துவிட்டார். மின்கம்பம் வரை வந்தார். அன்றைய நடையில் சிறப்பாக நடந்தது அவர்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

‘கால் போன போக்கில்’ என்று நாம் சொல்வதை 1950களில் பாரிஸில் கி தெபோரும் அவர் சகாக்களும் ஒரு முறையாகவே வளர்த்தார்கள். ஆனால் அவர்கள் சொன்னது வெறுமனே காலை விட்ட இடத்தில் திரிவது இல்லை. நகரம் நம்மை ஒரு பக்கம் இழுக்கிறது, இன்னொரு பக்கம் தள்ளுகிறது, சில திருப்பங்களில் காரணமே தெரியாமல் வேகம் கூட்டுகிறோம், சிலதில் தயங்குகிறோம். வேலை, வீடு, கடை என்ற காரணங்களை ஒரு நாளைக்கு இறக்கி வைத்துவிட்டு அந்த இழுப்பையும் தள்ளலையும் மட்டும் கவனித்து எழுதிவைக்க வேண்டும் என்றார்கள். செய்து பாருங்கள், ஒரே ஊரில் இத்தனை வருடமாக இருந்துகொண்டு ஒரு குறிப்பிட்ட சந்துக்குள் மட்டும் எப்போதுமே போனதில்லை என்று கண்டுபிடிப்பீர்கள். ஏன் போகவில்லை என்பதற்கான பதில் சில சமயம் அவ்வளவு கௌரவமாக இருக்காது.

ஸ்டான்லி பிரவுன் என்று ஒருவர், சூரினாமில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்தவர். 1960களின் தொடக்கத்தில் தெருவில் போகிறவர்களை நிறுத்தி, இன்ன இடத்துக்கு எப்படிப் போவது என்று கேட்பார், தாளைக் கொடுத்து வரைந்து காட்டச் சொல்வார். அந்தத் தாள்கள்தான் படைப்பு. ரெண்டு கோடு, ஒரு வளைவு, ஒரு புள்ளி. யாருக்காவது வழி தெரியாவிட்டால் அந்த வெற்றுத் தாளும் கணக்கில் சேரும். எனக்கு உடனே ஆற்றுப்படைதான் நினைவுக்கு வந்தது. பரிசில் பெற்றுத் திரும்புகிற பாணன் எதிரே வறுமையோடு வருகிறவனை நிறுத்தி வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக வைத்திருந்த மொழி நம்முடையது. இதை எழுதும்போது ஒரு ஆதங்கமும் வருகிறது. இப்போது வழி கேட்பதே குறைந்துவிட்டது, போனில் நீலப் புள்ளி நகர்கிறது, நாமும் நகர்கிறோம். ஒருவர் நமக்குக் கை காட்டும்போது அந்தக் கை எப்படி வளைகிறது, “கொஞ்ச தூரம்தான்” என்று அவர் சொல்கிற கொஞ்சம் எவ்வளவு, எதை அடையாளமாகச் சொல்கிறார், இதெல்லாம் ஒரு மனிதரின் சுயசரிதை மாதிரி.

இந்தக் கலையில் எல்லாமே எனக்கு உவப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 1969 அக்டோபரில் விட்டோ அகோன்சி என்பவர் நியூயார்க்கில் தினம் ஒரு முன்பின் தெரியாத ஆளைத் தேர்ந்து, அவர் வீட்டுக்குள்ளோ வேறு தனி இடத்துக்குள்ளோ நுழைகிற வரை பின்னாலேயே போவதை 23 நாள் செய்தார். கலை வரலாற்றில் இதற்குப் பெரிய இடம் உண்டு. தன் விருப்பத்தை இன்னொருவர் காலடியில் ஒப்படைத்தார் என்று விளக்கம் சொல்வார்கள். எனக்கு அந்த விளக்கம் இறங்கவில்லை. பின்னால் யாரோ வருகிறார்கள் என்று தெரிந்து சாவிக்கொத்தை விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு நடந்த எந்தப் பெண்ணுக்கும் இறங்காது.

இங்கேதான் நடை வெறும் அழகு விஷயமாக இல்லாமல் போகிறது. சும்மா உலாத்துவது, கூட்டத்தில் கரைந்து வேடிக்கை பார்ப்பது என்று எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். 1830களில் ஜார்ஜ் சாண்ட் என்ற பெண் எழுத்தாளர் பாரிஸ் தெருக்களில் நிம்மதியாக நடப்பதற்கு ஆண் உடை போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இன்றைக்கும் தெருவோரத்தில் ஒரு ஆண் சும்மா நின்றால் அவர் சும்மா நிற்கிறார். ஒரு பெண் நின்றால் யாருக்காகவோ காத்திருக்கிறாள், அல்லது ஏதோ சரியில்லை. நானே காரணமில்லாமல் நிற்க நேர்ந்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன், மறுமுனையில் யாரும் இருக்கமாட்டார்கள். எங்கள் குழுவில் ஒருமுறை, போன் இல்லாமல், பை இல்லாமல், கையை வெறுமனே தொங்கவிட்டுக்கொண்டு பதினைந்து நிமிடம் ஆளுக்கொரு இடத்தில் நிற்பது என்று வைத்தோம். ஆண்களுக்கு அது போர் அடித்ததாம். பெண்கள் எங்களுக்கு நாடகத்தில் முதல் தடவை மேடை ஏறின மாதிரி இருந்தது.

மோனா ஹாட்டூம் என்ற கலைஞர் 1985இல் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் வெறுங்காலோடு நடந்தார், ஒரு ஜோடி கனமான பூட்ஸின் கயிறுகளைக் கணுக்காலில் கட்டி பின்னால் இழுத்துக்கொண்டு. போலீஸ்காரர்களும் இனவெறிக் கும்பல்களும் போடுகிற வகைப் பூட்ஸ் அது. ஒவ்வொரு அடிக்கும் ஆள் இல்லாத பூட்ஸ் ஒன்று பின்னாலேயே வருகிறது. 2003இல் குவாத்தமாலாவில் ரெஜினா ஹோசே கலிந்தோ, படுகொலைகளுக்குப் பொறுப்பான முன்னாள் ராணுவ ஆட்சியாளரை ஜனாதிபதித் தேர்தலில் நிற்க அனுமதித்ததை எதிர்த்து, அரசியல் சாசன நீதிமன்றத்திலிருந்து தேசிய அரண்மனை வரைக்கும் நடந்தார். கையில் ஒரு வட்டில், அதில் மனித ரத்தம். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை வட்டிலைக் கீழே வைத்து, பாதத்தை முக்கி, நடை. சாலை முழுக்கக் காலடி. கோஷம் இல்லை, பதாகை இல்லை. இதைப் பற்றி இதற்கு மேல் விளக்க எனக்கு வரவில்லை.

எங்கள் குழுவில் சக்கர நாற்காலியில் வரும் தோழி ஒருத்தி உண்டு. நடைக்குழு என்று நாங்கள் சொல்லும்போதெல்லாம் சிரிப்பாள். நான் உருண்டு வருகிறேன், பரவாயில்லையா என்பாள். எப்படி நடக்க வேண்டும் என்று மாதம் ஒருவர் குறிப்பு எழுதுவோம், ஒரு மாதம் அது அவள் முறை. அவள் எழுதியது ஒரே வரி: சக்கரம் நிற்கிற இடத்தில் எல்லாம் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள், தேதியும் போடுங்கள். ஒரு தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, நான் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு போனேன். நடைபாதை முடிகிற இடத்தில் ஒரு முழ உயரப் படி, குறுக்கே நிறுத்தின வண்டி, மூடாத குழி, பெயர்ப் பலகைக்கு நட்ட இரும்புக் கம்பி, கம்பிக்கும் சுவருக்கும் நடுவே சக்கரத்துக்கு நாலு விரல் குறைவான இடைவெளி. முடிந்ததும் எண்ணினோம், 31 கோடு. நான் பல வருடமாக நடக்கிற தெரு அது, ஒரு தடவைகூட எங்கேயும் நின்றதில்லை. திரும்பிப் பார்த்தபோது நீளத்துக்கும் வெள்ளைக் கோடுகள். லாங்கின் புல்வெளிக் கோட்டை விட எனக்கு இது பெரிய படைப்பாகத் தெரிகிறது, இப்படிச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்றாலும் சரி. ரெண்டு நாளில் வண்டிச் சக்கரங்களில் தேய்ந்து போய்விட்டது.

காலால் நடந்தால்தான் நடையா என்ற கேள்வியை வில்லியம் போப்.எல் இன்னொரு விதமாகக் கேட்டவர். சூப்பர்மேன் உடை போட்டுக்கொண்டு, முதுகில் ஸ்கேட்போர்டைக் கட்டிக்கொண்டு, நியூயார்க்கின் பிராட்வே சாலையில் 22 மைலைத் தவழ்ந்தே கடந்தார், 2001 முதல் 2009 வரை, தவணை தவணையாக. எழுந்து நடப்பது என்பதே ஒரு வசதி என்று தவழ்ந்து காட்டினார்.

காதால் நடக்கிறவர்களும் உண்டு. 1966இல் மேக்ஸ் நியூஹாஸ் என்ற இசைக்கலைஞர் கச்சேரி என்று கூப்பிட்டு, வந்தவர்கள் கையில் ‘கேள்’ என்று ரப்பர் முத்திரை குத்தி, தெருவுக்குக் கூட்டிப்போய்விட்டார். கச்சேரி என்பது தெருவின் ஓசைதான். கனடாவில் ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் 1970களிலேயே ஒலிநடை பற்றி எழுதி, இன்றைக்குப் பலரும் பின்பற்றும் ஒரு பயிற்சியாக அதை ஆக்கினார். ஜெர்மனியின் கிறிஸ்டினா கூபிஷ் ஒரு தனி ஹெட்போன் செய்து கொடுக்கிறார், அதை மாட்டிக்கொண்டு நகரத்தில் நடந்தால் ஏடிஎம், கடை வாசல் பாதுகாப்புக் கதவு, விளம்பர விளக்கு, தலைக்கு மேலே போகும் மின்கம்பி எல்லாவற்றின் மின்காந்த அலையும் காதில் விழும், ஒவ்வொன்றும் ஒரு சுருதியில். எங்களிடம் அந்த ஹெட்போன் எல்லாம் இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு இன்னொருவர் தோளில் கை வைத்து நடப்போம், அதுவே போதுமானதாக இருக்கிறது. சுவர் பக்கத்தில் வரும்போது காதுக்கு முன்னாலேயே கன்னத்துக்குத் தெரிகிறது, நம்ப மாட்டீர்கள்.

பெல்ஜியத்தில் பிறந்து மெக்சிகோ நகரத்தில் வாழும் பிரான்சிஸ் ஆலிஸை விட்டுவிட்டால் நடக்காது. 1997இல் ஒரு பெரிய ஐஸ் கட்டியை அந்த நகரத் தெருக்களில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தள்ளிக்கொண்டே போனார், அது முழுக்கக் கரைகிற வரைக்கும். ஆரம்பத்தில் உடம்பு முழு பலத்தோடு தள்ள வேண்டியிருக்கிறது, கடைசியில் காலால் எத்திக்கொண்டு போகிற சின்னத் துண்டு, அப்புறம் ஈரம். ஒரு கையெழுத்துக்காக நடையாய் நடந்து கடைசியில் வெறுங்கையோடு வீடு திரும்பிய யாருக்கும் இதற்கு உரை தேவையில்லை. அவரே 2004இல், 1948 போர்நிறுத்தத்தின்போது ஜெருசலேமின் வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் இழுத்த எல்லைக்கோட்டின் மேலேயே, ஓட்டை போட்ட டப்பாவிலிருந்து பச்சைப் பெயிண்ட் ஒழுக ஒழுக 24 கிலோமீட்டர் நடந்தார். 58 லிட்டர் பெயிண்ட். வரைபடத்தில் ஒரு பென்சில் முனையின் அகலம் தரையில் எத்தனை வீட்டின் அகலம் என்று நடந்தால்தான் தெரியும்.

சீனப் பெருஞ்சுவரின் இரண்டு முனையிலிருந்தும் நடந்து நடுவில் சந்தித்த மரினா அப்ரமோவிச், உலாய் ஜோடியைப் பலருக்குத் தெரிந்திருக்கும். சந்தித்துக் கல்யாணம் செய்துகொள்வதாகத் திட்டம், அனுமதி கிடைக்கப் பல வருடம் ஆனது, 1988இல் 90 நாள் நடந்து சந்தித்தபோது பிரிவதற்காகச் சந்தித்தார்கள். கதை பெரியது, அதனாலேயே எல்லோரும் அதை மட்டும் சொல்கிறார்கள்.

இந்தக் கலையைச் சுற்றி இருக்கும் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எனக்கு அதுதான் முக்கியம். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 2006இல் ஆரம்பித்த ஒரு குழு, ‘சும்மா சுற்றுவோரின் எதிர்ப்பு இயக்கம்’ என்கிற பொருளில் பெயர் வைத்துக்கொண்டு, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கூடி நடக்கிறது. ஸ்காட்லாந்தில் ஹன்ட்லி என்ற சின்ன ஊரில் ஒரு கலை அமைப்பு 2013இல் நடைக்கென்றே ஒரு கழகம் தொடங்கியது. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இவர்கள் வேலையற்றவர்கள் மாதிரி தெரியலாம். ஆனால் இங்கே மேடை, பார்வையாளர் என்ற பிரிவே கிடையாது. ஒருவர் குறிப்பு எழுதுகிறார், மற்றவர்கள் தத்தம் ஊரில் அதைச் செய்கிறார்கள், பிறகு உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒருவர் வரைந்துகொண்டு வருவார், ஒருவர் ஒலிப்பதிவு கொண்டுவருவார், ஒருவர் பாக்கெட்டில் ஒரு பஸ் டிக்கெட்டோடு வந்து ஒரு மணி நேரம் பேசுவார். எங்கள் குழுவில் பேசவே பேசாத ஒருவர் இருக்கிறார், முதலில் வந்து கடைசியில் போவார், அவர் வராத மாதம் நடை சரியாக அமைவதில்லை. ஆகக் கடைசியில் வருகிறவரின் வேகம்தான் எல்லோர் வேகமும், இது ஒன்றுதான் நாங்கள் எழுதிவைத்திருக்கிற விதி.

சண்டையும் உண்டு. போட்டோ எடுக்கலாமா என்பதில்தான் பெரிய சண்டை. எடுக்காவிட்டால் அது நடந்ததற்கு அடையாளமே இல்லை, எடுத்தால் எடுத்தவர் அன்று நடக்கவில்லை, படம் பிடிக்கத்தான் வந்தார். லாங்கின் கோடு நமக்குத் தெரிவதே படத்தால்தானே என்று ஒரு கட்சி. அந்தப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு நடையைப் பார்த்ததாக நினைப்பதுதான் கோளாறு என்று இன்னொரு கட்சி. நான் ரெண்டாவது கட்சி, ஆனால் முதல் கட்சிக்காரர்கள் எடுத்த படங்களை ரகசியமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

2014இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு, உட்கார்ந்திருக்கும்போதைவிட நடக்கும்போது புதிய யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடுகின்றன என்று சொன்னது. கலைப் பக்கத்தில் நடையைச் சேருங்கள் என்று நான் எழுதியதும் உங்கள் அலுவலகத்தில் யாராவது இதை எடுத்துக்கொண்டு, ‘கற்பனை வளர நடங்கள்’ என்று கட்டுரை போட்டுவிடக்கூடாது என்பதற்காகத்தான் முந்திக்கொள்கிறேன். அதுவும் ஒரு மருந்துச் சீட்டுதான், சர்க்கரைக்குப் பதிலாகக் கற்பனைக்கு.

நான் கேட்பது இதுதான். நாட்டியத்தை அச்சில் கொடுக்க முடியாது, விமர்சனம்தான் போட முடியும். ஓவியத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் போடுகிறீர்கள். ஆனால் நடைக் கலையில் ஒரு குறிப்பு என்பது ரெண்டே வரி, அது அப்படியே அச்சேறும், வாசிக்கிறவர் எழுந்து செய்தால் முழுப் படைப்பும் அவர் காலில் வந்துவிடும். வாரத்துக்கு ஒரு பெட்டி போதும், குறுக்கெழுத்துப் புதிருக்குக் கொடுக்கும் இடத்தில் பாதி. ஒரு வாரம் ஒரு கலைஞரைப் பற்றி, ஒரு வாரம் ஒரு குறிப்பு. வாசகர்கள் செய்துவிட்டு எழுதி அனுப்பட்டும். ஆரோக்கியப் பக்கத்துக்கு வரும் கடிதங்களைவிடக் கூடுதலாகவே வரும் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

கடிதம் நீண்டுவிட்டது, இடம் போதாமல் நீங்கள் வெட்டத்தான் செய்வீர்கள். எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், கீழே இருக்கும் நாலு வரியை மட்டும் விட்டுவிடுங்கள்.

உங்கள் வாசலிலிருந்து இருபது அடி தள்ளி ஓர் இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே போய்ச் சேரக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு முன்னால் சேரக்கூடாது, வழியில் முழுவதுமாக நிற்கவும் கூடாது. என்ன தொலைத்தீர்கள் என்று யாராவது கேட்டால் பதில் சொல்லாதீர்கள். அவர் தேட ஆரம்பித்தால் அவருக்கு வழி விடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி